மாஸ்டரின் டேர்போ கார்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெளியே மைனஸ் 22. பக்கத்து வீட்டுத் தம்பியின் கார் நின்ற இடத்திலேயே இருமிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் வரும், இரண்டு தரம் குலுங்கும், நின்றுவிடும். மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கண்டுவிட்டான். பின்னேரம் கதவைத் தட்டினான்.

"அங்கிள், பி 0171 எண்டு கோட் காட்டுது. கலவை லீனாம். ஒட்சிசன் சென்சர் மாத்தினால் சரி எண்டு வீடியோவில சொல்றாங்கள். நூற்றி எண்பது டொலர்."

"மாத்தாதை. நாளைக்குக் காலமை ஸ்டார்ட் பண்ண முதல் என்னைக் கூப்பிடு."

அவன் போனபிறகு கோப்பி போட்டுக்கொண்டு இருந்தேன். மாஸ்டரின் நினைவு வந்தது. என் கெட்டித்தனத்தைப் பற்றி இங்கே நிறையக் கதைகள் எழுதியிருக்கிறேன். இது அந்த வகை அல்ல. அதனால்தான் இவ்வளவு காலமும் எழுதவில்லை போலும்.

முதலில் கலவை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கார் வேலை தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோல் அதற்குக் கூடினால் ரிச், குறைந்தால் லீன். ஆனால் எரிவது பெற்றோல் அல்ல, அதன் ஆவி. குளிரில் பெற்றோல் ஆவியாக மறுக்கும்; துளியாகவே போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் குளிர்ந்த எஞ்சினுக்குக் கணக்குக்கு மேலே கொஞ்சம் ஊற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதோடு குளிர் காற்று அடர்த்தியானது. ஊரில் 30 பாகையில் ஒரு எஞ்சின் இழுக்கும் அதே அளவு காற்று, இங்கே மைனஸ் 20-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதற்கும் சேர்த்துப் பெற்றோல் வேண்டும்.

இது நமக்குப் புதிய விசயமில்லை. 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் கார்களையும் மோட்டார்சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்களே, நினைவிருக்கிறதா? நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். மச்சான் கடிதத்தில் எழுதினான்: சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்களாம். எங்கள் ஊர் வெயிலில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; இந்த ஊர்க் குளிரில் பெற்றோல் ஆவியாகாது. இரண்டும் ஒரே கரைச்சல்தான். குளிரில் ஸ்டார்ட் எடுக்கும்போது தனியாக ஒரு பீச்சுக் கொடுக்கும் சிறிய வால்வு அந்தக் காலத்துக் கார்களில் இருந்தது. மச்சானின் சில துளிப் பெற்றோலுக்கும் அதற்கும் வேலை ஒன்றே.

கதை 1991-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்தது. ஸ்காபரோவில் ஒரு கராஜில் எனக்கு வேலை. முதலாளி இத்தாலிக்காரர். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம், அதனால் எங்களுக்குள் நல்ல விளக்கம் இருந்தது. ஊரில் ஒஸ்ரின் ஏ40-உம் மொறிஸ் மைனரும் பிரித்துப் பூட்டி வளர்ந்தவன் நான். காபரேற்றர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அந்தத் துணிவுதான் வினையாகப் போனது.

மாஸ்டர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். எனக்குப் படிப்பிக்கவில்லை, என் அண்ணனுக்குப் படிப்பித்தார். இங்கே வந்து அதிகாலை மூன்று மணிக்கு எழும்பிப் பத்திரிகை போடுவார். ஆறு மணிக்குள் முடித்துவிட்டு 401-இல் ஏறி மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போவார். மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு சுவீடன் காரை வாங்கியிருந்தார். எட்டு வயதுக் கார். பெயர் வேண்டாம், சொன்னால் அந்தக் காரில் பற்றுள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள். பின்பக்கத்தில் டேர்போ என்று எழுதியிருந்தது. "உதென்ன தம்பி டேர்போ? ஏசி மாதிரியோ?" என்று என்னைக் கேட்டார்.

டேர்போ என்பது வீணாய்ப் போகும் புகையைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே அச்சின் மறுபக்கத்தில் இன்னொரு சக்கரத்தால் காற்றை எஞ்சினுக்குள் அமுக்கும் கருவி. அல்பிரட் பூஹி என்ற சுவிஸ் பொறியியலாளர் 1905-இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். இதை மறக்க வேண்டாம், பின்னால் வரும்.

மாஸ்டரின் முறைப்பாடு இதுதான்: விடியற்காலையில் ஸ்டார்ட் வருகிறது, ஆனால் நிற்கிறது. ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் காரை ஓடவிட்டுவிட்டுப் பத்திரிகைக் கட்டோடு உள்ளே ஓடுவார். திரும்பி வந்தால் எஞ்சின் நின்றிருக்கும். மறுபடி எடுக்க நேரம் போகும். ஆறு மணி தாண்டினால் ஆட்கள் பத்திரிகைக் கந்தோருக்கு ரெலிபோன் எடுப்பார்கள். மூன்று முறைப்பாடு வந்தால் அந்தப் பாதை வேறொருவருக்குப் போய்விடும்.

காரை முதல்நாள் பின்னேரம் கொண்டுவந்து விட்டார். நான் உள்ளே எடுத்துவிட்டேன். இரவு முழுக்கச் சூடான கராஜுக்குள் நின்ற கார் காலையில் ஒரு சத்தமும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகியது. புகைக்குழாயில் மீற்றரைச் செருகிக் காபனோரொட்சைட் அளவு பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிழை ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று மாஸ்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தக் காரில் கம்பியூட்டர் இல்லை, ஒட்சிசன் உணரியும் இல்லை. பொஷ் கம்பனி 1973-இல் கொண்டுவந்த கே-ஜெற்றோனிக் என்ற ஏற்பாடு. முழுக்க இயந்திரக் கணக்கு. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு புனலுக்குள் வட்டத் தட்டு ஒன்றைத் தூக்கும். தட்டு ஒரு நெம்பைத் தள்ளும். நெம்பு ஒரு சிறு தண்டை உயர்த்தும். தண்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பெற்றோல் இன்ஜெக்டர்களுக்குப் போகும். காற்று கூடினால் பெற்றோலும் கூடும், நம்ம ஊர்த் தராசு போல. எஞ்சின் குளிராக இருக்கும்போது அந்தத் தண்டை மேலிருந்து அமுக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் கலவையை ரிச் ஆக்குவதற்கு வேறொரு பாகம் உண்டு. இவ்வளவு அழகான வேலையை அதற்குப் பிறகு நான் ஒரு காரிலும் காணவில்லை. தட்டுக்கும் பெற்றோலைப் பங்கிடும் பாகத்துக்கும் இடையே ஒரு சிறு துவாரம் இருக்கிறது. அதற்குள் 3 மில்லிமீற்றர் அலன் கீயை இறக்கினால் ஒரு திருகாணி. வலப்பக்கம் திருப்பினால் ரிச். மயிரிழை திருப்பினாலே கலவை மாறும்.

குளிர்காலம்தானே, கொஞ்சம் கூடினால் என்ன என்று நான் அதைத் திருப்பினேன். மீற்றர் சரி என்று சொன்ன பிறகும் திருப்பினேன்.

மாஸ்டருக்குப் பெரிய சந்தோசம். அடுத்த நாள் ரெலிபோன் எடுத்தார். "தம்பி, நிக்கவேயில்லை. உன்ரை கொண்ணனுக்குக் கணக்கு வராது, உனக்குக் கை வேலை நல்லாய் வருது." ஊர்ச் சங்கக் கூட்டத்தில் நாலு பேருக்கும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வேறு இரண்டு பேர் என்னிடம் கார் கொண்டுவந்தார்கள்.

இரண்டு கிழமை கழிந்து மாஸ்டர் வந்தார். பெற்றோல் குடிக்கிறது என்றார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நாலும் அடுப்புக்கரி. ரிச். திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை கார் மூன்று இடத்தில் நின்றதாம். மறுபடி ரிச் பக்கம் திருப்பினேன். புது பிளக் போட்டேன். விடியற்காலையில் லீன், பிளக்கில் ரிச். ஒரே கார் இரண்டு சாட்சி சொல்கிறது. எனக்குப் பிடிக்காத சாட்சியைத் துடைத்துப் போட்டுவிட்டேன்.

பெப்ரவரி நடுவில் காருக்குப் பின்னால் நீலப் புகை. பொனெற்றைத் திறந்தால் விசில் மாதிரி ஒரு சத்தம். எண்ணெய்க் கோலை இழுத்து மணந்து பார்த்தேன். பெற்றோல் மணத்தது. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே எண்ணெயில் கலந்திருக்கிறது. எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. டேர்போவின் அச்சைப் பிடித்து ஆட்டினேன். ஆடக்கூடாத அளவுக்கு ஆடியது. மாஸ்டர் எண்ணெய் மாற்றும் நாளையும் தள்ளிப் போட்டிருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெற்றோலை உள்ளே ஊற்றியது என் கை.

முதலாளி வந்து பார்த்தார். துவாரத்தின் மூடி இல்லாததைக் கண்டார். "இதை யார் திருப்பினது?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு சொன்னேன். ஏசவில்லை. சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்து நிலத்தில் கீறத் தொடங்கினார்.

அவர் கீறியதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது ஒரு புத்தகத்திலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. காற்று வரும் வழி: முதலில் அளக்கும் தட்டு, அடுத்து டேர்போ, அடுத்து த்ரொட்டில், கடைசியில் மனிபோல்ட். தட்டைக் கடந்து போன காற்றுக்குத்தான் பெற்றோல் கணக்கு. இப்போது ஓட்டை எங்கே என்று யோசி என்றார். தட்டுக்கும் டேர்போவுக்கும் இடையில் ஓட்டை இருந்தால் அங்கே எப்போதும் உறிஞ்சல்தான். கணக்கில் வராத காற்று எந்நேரமும் உள்ளே வரும். கார் எப்போதும் லீன். டேர்போவுக்கும் த்ரொட்டிலுக்கும் இடையில் என்றால், கார் நின்றபடி ஓடும்போது ஒன்றும் தெரியாது, வேகம் எடுக்கும்போது அமுக்கிய காற்று வெளியே போகும், அதற்கு அளந்த பெற்றோல் மட்டும் உள்ளே போகும், ரிச். த்ரொட்டிலுக்குப் பின்னால் ஓட்டை என்றால்தான் வேடிக்கை. நின்றபடி ஓடும்போது மனிபோல்டில் உறிஞ்சல், அதனால் காற்று உள்ளே வரும், லீன். வேகம் எடுத்தால் அதே ஓட்டையால் காற்று வெளியே போகும், ரிச்.

ஒரே ஓட்டை. விடியற்காலையில் கட்டட வாசலில் லீன், 401-இல் ரிச். மாஸ்டரின் இரண்டு சாட்சியும் உண்மையையே சொல்லியிருக்கிறார்கள்.

"சரி, கராஜுக்குள் ஏன் தெரியவில்லை?" என்று கேட்டேன். முதலாளி சுவரிலிருந்த ஹீற்றரைக் காட்டினார். ரப்பர் குளிரில் விறைத்துச் சுருங்கும். கீறல் வாய் திறக்கும், கிளிப் தளரும். சூட்டில் ரப்பர் இளகி வாயை மூடிக்கொள்ளும். நோயாளியைச் சுகப்படுத்திவிட்டு நோயைத் தேடியிருக்கிறேன். "காரை வெளியில் விடு. நாளை ஐந்து மணிக்கு வா."

அந்த இரவு மைனஸ் 18. ஐந்து மணிக்கு இருவரும் போனோம். ஸ்டார்ட் எடுத்ததும் குலுங்கத் தொடங்கியது. முதலாளி புரொப்பேன் போத்தலின் குழாயைப் பற்றவைக்காமல், வாயுவை மட்டும் மெல்லத் திறந்து, ஒவ்வொரு ஹோஸுக்கும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். (இதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். அவர் நாற்பது வருடம் செய்தவர், அப்படியும் நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.) கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு ஹோஸ், குளிர் எஞ்சினுக்கு மேலதிகக் காற்றுக் கொடுக்கும் வால்விலிருந்து மனிபோல்டுக்குப் போவது. அதன் வளைவின் அடிப்பக்கத்துக்குக் குழாய் போனதும் எஞ்சின் நிமிர்ந்தது. குலுக்கல் போய்விட்டது. ஓட்டையால் புகுந்த வாயு, குறைந்திருந்த எரிபொருளை நிரப்பிவிட்டது. குழாயை எடுத்தார், மறுபடி குலுங்கியது. எடுத்து எடுத்து வைத்து மூன்று தரம் காட்டினார். அவருக்கும் கொஞ்சம் விளையாட்டுத்தான். நான் கையை விட்டுத் தடவினேன். கிளிப்புக்குப் பக்கத்தில் அரை அங்குலக் கீறல். அதைப் பார்க்கவே முடியாது, அடியிலே இருந்தது.

ஹோஸ் ஒன்பது டொலர்.

டேர்போ ஒன்பது டொலர் இல்லை. பழைய கார்கள் உடைக்கும் இடத்தில் ஒன்று தேடிப் பிடித்தேன், முன்னூறு டொலர். அப்போது எனக்கு ஒரு கிழமைச் சம்பளமும் அவ்வளவு வராது. முதலாளி அதைத் தந்து என் சம்பளத்தில் கிழமைக்கு முப்பதாகக் கழித்தார். ஞாயிற்றுக்கிழமை கராஜைத் திறந்துவிட்டார். நான் தனியாகப் பூட்டினேன்.

மாஸ்டரிடம் சொல்லும் நாள்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பழைய கார், டேர்போ போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். காசும் தந்திருப்பார். அந்தக் காசு யாருக்குப் போக வேண்டியது என்று எனக்குத் தெரியும். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். திருகாணியைப் பற்றியும், மீற்றர் சரி காட்டியதைப் பற்றியும். அவர் கையுறையைக் கழற்றினபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன்.

"பரீட்சையில பெடியள் செய்யிற வேலைதான்," என்றார். "விடை வரேல்லையெண்டு வினாவில தந்த இலக்கத்தை மாத்திப்போட்டுச் செய்யிறது. நான் அதுக்கு வழிக்குப் புள்ளி குடுக்கிறேல்லை."

பிறகு, "உன்ரை கொண்ணனும் உதைத்தான் செய்வன்" என்று சிரித்தார். பாதிக் காசைத் தரப் பார்த்தார், நான் வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோனார். எனக்கு அது தெரியும். ஏப்ரலில் பிரேக் சத்தம் போடுகிறது என்று திரும்ப வந்தார். குடும்பம் வந்து சேர்ந்த பிறகு அந்தக் காரிலேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு கராஜுக்கு வந்து அறிமுகப்படுத்தினார். மாஸ்டர் இப்போது இல்லை.

சரி, பக்கத்து வீட்டுத் தம்பி. புதன்கிழமை ஆறரைக்குக் கூப்பிட்டான். மைனஸ் 19. இரண்டு சுவெற்றரும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனேன், மனைவி ஏசினா. அவனிடம் காரில் செருகி ரெலிபோனில் பார்க்கும் சின்னக் கருவி இருந்தது. நான் வேலை செய்த காலத்தில் அந்தத் தகவலைப் பார்க்க ஒரு பெட்டி நிறையச் சாமான் வேண்டும்.

இன்றைய காரில் திருகாணி இல்லை. கம்பியூட்டர்தான் திருப்புகிறது. லீன் என்று கண்டால் பெற்றோலைக் கூட்டுகிறது, ரிச் என்றால் குறைக்கிறது. நான் 1991-இல் செய்த அதே வேலை. ஒரு வித்தியாசம், எவ்வளவு திருப்பினேன் என்று அது எழுதி வைக்கிறது. ஃபியூவல் ட்ரிம் என்று பெயர். குறுகிய காலக் கணக்கு ஒன்று, நீண்ட காலக் கணக்கு ஒன்று, இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டிக் கூட்டி இனி முடியாது என்ற எல்லைக்கு வந்ததும் கோட் எழுதி விளக்கைப் போடுகிறது. சென்சர் பிழை என்று அது சொல்லவில்லை. இவ்வளவு கூட்டியும் போதவில்லை என்று சொல்கிறது.

எஞ்சின் கொஞ்சம் ஓடி ட்ரிம் கணக்கு வரத் தொடங்கியதும் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். நின்றபடி ஓடும்போது 24 வீதம் கூட்டியிருக்கிறது. "இப்ப 2,500 சுற்றுக்கு ஏத்திப் பிடி." இலக்கம் இறங்கி 6-இல் நின்றது.

"என்ன விளங்குது?" என்று கேட்டேன். அவன் விழித்தான். எஞ்சின் கொஞ்சமாக மூச்சு விடும்போது ஓட்டையால் வரும் காற்று பெரிய பங்கு. நிறைய மூச்சு விடும்போது அது சின்னப் பங்கு. அதனால் இலக்கம் இறங்குகிறது. பெற்றோல் பம்ப் களைத்துப்போயிருந்தால் தலைகீழ், வேகம் கூடக் கூட இலக்கமும் ஏறும். சென்சர் பொய் சொன்னால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே பொய்யாக இருந்திருக்கும். ஆக, த்ரொட்டிலுக்குப் பின்னால் எங்கேயோ ஓட்டை. எனக்கு முழங்கால் வளையாது, டோர்ச்சை நான் பிடித்தேன், அவன் கையை விட்டான். எஞ்சினின் உள்மூச்சை மனிபோல்டுக்குத் திருப்பிவிடும் ஒரு பிளாஸ்ரிக் குழாய் இருக்கும். கிட்டக்கிட்ட ஓடி நிறுத்தும் கார்களில் குளிர்காலத்தில் அதற்குள் ஈரம் சேர்ந்து உறைந்துபோவதும் உண்டு. அதன் முனை மூட்டில் கையை வைத்தான்.

"அங்கிள், இதில காத்து இழுக்குது."

"விரலால பொத்து."

பொத்தினான். குலுக்கல் நின்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

குழாய் 41 டொலர், சனிக்கிழமை தானே பூட்டினான். பிழைக் கணக்கை அழித்துவிட்டு மூன்று நாள் ஓடு, பிறகு குளிர்ந்த காலையில் இலக்கத்தைப் பார்த்துச் சொல் என்றேன். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நின்றபடி 3, வேகத்தில் 2.